வீட்டில் தண்ணீர் புகுந்த பிறகு மென்பொருள் லைசென்ஸ் கீகளை மீட்பது எப்படி: சிங்கப்பூர் வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"பத்தாவது மாடியில் இருக்கிறோம், நமக்கு ஏது வெள்ளம்?" என்று கேட்பவர்கள் இங்கே நிறையப் பேர். மேல்வீட்டுக் குளியலறைத் தளம் கசியும். ஏர்கான் வடிகுழாய் அடைத்துக்கொண்டு சுவரோரமாக வழியும். சிங்க்குக்கு அடியில் இருக்கும் குழாய், வீட்டில் எல்லாரும் ஊருக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் பிய்த்துக்கொள்ளும். தண்ணீர் தேங்குவது தரையில். நம் வீடுகளில் தரையோடு தரையாக இருப்பவை மேசைக்கடியில் கம்ப்யூட்டரும், பாம் ஷெல்டரின் கீழ்த்தட்டில் அட்டைப்பெட்டிகளும்தான். அந்தப் பெட்டிகளில் ஒன்றில் ஐடி ஷோ, காமெக்ஸ், சைடெக்ஸ் என்று கண்காட்சி கண்காட்சியாகப் போய் வாங்கிய மென்பொருள் பெட்டிகள், சிடிக்கள், ரசீதுகள் எல்லாம் இருக்கும்.

வீட்டைத் துடைத்து முடித்ததும் அடுத்த கவலை வந்துவிடும். கம்ப்யூட்டர் போனால் போகட்டும், காசு கொடுத்து வாங்கிய ஆஃபிஸ், கணக்கு மென்பொருள், தமிழ்த் தட்டச்சு மென்பொருள் எல்லாவற்றுக்கும் மறுபடி காசா? பெரும்பாலும் வேண்டியதில்லை. தொலைந்துவிட்டதாக நினைக்கும் கீகளில் (மென்பொருளைத் திறக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த வரிசை) பல தொலையவே இல்லை. வாங்கியவரின் இணையக் கணக்கில் பத்திரமாக இருக்கின்றன. சில மதர்போர்டில், அதாவது கம்ப்யூட்டரின் முதன்மைப் பலகையில், இருக்கின்றன. டிஸ்கிலும் காகிதத்திலும் மட்டும் இருப்பவை கொஞ்சம்தான், உழைப்பு தேவைப்படுவதும் அவற்றுக்குத்தான். எது எங்கே இருக்கிறது என்று பிரித்துக்கொள்ளாமல் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி அல்லாடினால் வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும்.

முதல் படி: சுவிட்சைப் போட்டுப் பார்க்காதீர்கள்

நனைந்த கம்ப்யூட்டரைப் பார்த்ததும் கை தானாகப் பவர் பட்டனுக்குப் போகும். "வேலை செய்யுதான்னு ஒரு தடவை பார்த்துடுவோம்" என்ற அந்த ஒரு தடவையில்தான் பிழைத்திருக்கக்கூடிய போர்டு செத்துப்போகிறது. ஈரத்தின் ஊடே மின்சாரம் பாயும்போதுதான் ஷார்ட் ஆகிறது, செம்புத் தடங்கள் அரித்துப்போகின்றன. மின்சாரம் இல்லாமல் நனைந்த போர்டு நன்றாகக் காய்ந்தால் பிழைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

தரையில் தண்ணீர் நிற்கிறதென்றால் பிளக்கைத் தொடுவதற்கு முன் டிபி பாக்ஸில் (வீட்டின் மெயின் சுவிட்ச் பெட்டி) மின்சாரத்தை நிறுத்துங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கலாம். லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தால் பவர் பட்டனை 10 வினாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றிவிடுங்கள். உப்பிய பேட்டரியை அமுக்கவோ குத்தவோ கூடாது. திரைச்சீலை, மெத்தை பக்கம் இல்லாமல் தள்ளி வைத்துவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

அரிசிக்குள் புதைக்கும் வைத்தியம் வேண்டாம். அரிசி உள்ளே இருக்கும் ஈரத்தை இழுப்பதில்லை, அதன் தூள்தான் துளைகளுக்குள் போய் உட்காரும். இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல் என்பதால் ஜன்னலோரம் வைத்தால் காய்ந்துவிடும் என்றும் நம்ப முடியாது. அறையை மூடி, ஏர்கானை டிரை மோடில் போட்டு, மேசை மின்விசிறியை எதிரே வையுங்கள். வீட்டில் கேமரா பைத்தியம் யாராவது இருந்தால் ஈரம் புகாத டிரை கேபினெட் பெட்டி இருக்கும். கழற்றிய எஸ்எஸ்டியை (சுழலும் பாகம் இல்லாத புது ரக டிஸ்க்) வைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய ரகச் சுழலும் ஹார்ட் டிஸ்க் தண்ணீரில் மூழ்கியே கிடந்திருந்தால் அதைக் காயவைக்காதீர்கள். அதன் மூடியில் காற்றுத்துளை இருக்கிறது. அதன் வழியே உள்ளே போன அழுக்குத் தண்ணீர் காய்ந்தால் தட்டின் மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடேயே ஜிப் பையில் போட்டுத் தரவு மீட்கும் நிறுவனத்திடம் கொடுப்பதுதான் சரி. ஆனால் அதற்கு ஆகும் செலவைப் பார்த்தால் ஒரு லைசென்ஸ் கீக்காக மட்டும் அதைச் செய்வது அசட்டுத்தனம். பிள்ளைகளின் படங்கள் அதில் இருந்தால் அது வேறு கதை.

இரண்டாம் படி: காகிதத்துக்குத்தான் அவசரம்

காய்ந்த எஸ்எஸ்டி மாதக்கணக்கில் காத்திருக்கும். காகிதம் காத்திருக்காது. நனைந்த தாளில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். அதனால் கம்ப்யூட்டரை ஓரமாக வைத்துவிட்டு முதல் நாள் முழுவதையும் காகிதத்துக்குக் கொடுங்கள்.

பிரிப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது வாசிக்க முடிகிற எழுத்து காய்ந்தபின் போய்விடலாம். பின்னால் காப்புறுதி கேட்கவும் இந்தப் படங்கள் தேவைப்படும். மேல்வீட்டுக் கழிப்பறைத் தண்ணீராக இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

சிடி உறையும் கையேடுகளும் வழவழப்பான தாளில் அச்சடித்தவை. அவை ஒன்றோடொன்று ஒட்டிய நிலையில் காய்ந்துவிட்டால் பலகைபோல் ஆகிவிடும், அப்புறம் பிரிக்கவே முடியாது. ஈரம் இருக்கும்போதே மெதுவாகப் பிரித்து, இடையிடையே கேக் சுடும் பேக்கிங் பேப்பரை வையுங்கள். அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை, தரையை முதலில் பார்க்க வேண்டும் என்றால் ஈரத்தோடேயே ஜிப் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். உறைந்த தாளில் பூஞ்சை வளராது, மையும் மேற்கொண்டு பரவாது. ஆவணக் காப்பகங்களிலும் வெள்ளத்தில் நனைந்த ஏடுகளுக்கு இதைத்தான் செய்கிறார்கள். மீன் வாடை அடிக்குமே என்பவர்கள் இரண்டு பையாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடை ரசீதில் கவனம் தேவை. இப்போதைய ரசீதுகளில் பெரும்பாலானவை வெப்பத்தாளில் அச்சடித்தவை. சூடு பட்டால் தாள் முழுவதும் கறுத்துவிடும். ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி பக்கமே கொண்டுபோகாதீர்கள். இங்க்ஜெட்டில் அச்சடித்த மின்னஞ்சல் என்றால் மை பரவும், உடனே ஒற்றி எடுக்க வேண்டும். லேசர் அச்சு தண்ணீருக்கு அசைவதில்லை, அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். சிடிகளைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் விழும்.

மூன்றாம் படி: என்னென்ன இருந்தது?

ஒரு தாளில் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த மென்பொருள்களை எழுதுங்கள். நினைவுக்கு வராவிட்டால் வீட்டில் ஒவ்வொருவரிடமும் "அதில் நீ என்ன பண்ணுவாய்?" என்று கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விவரம் போதும்: எந்த ஆண்டு வாங்கியது, யாருடைய மின்னஞ்சலில் பதிவானது, நமக்கு இன்னும் அது வேண்டுமா.

மூன்றாவது கேள்வியே பாதிப் பட்டியலை அடித்துவிடும். ஒரு வருடத்துக்கு வாங்கிய ஆன்டிவைரஸ் அட்டை எப்போதோ காலாவதியாகியிருக்கும். பிள்ளையின் பள்ளிக் கணக்கில் வந்த ஆஃபிஸுக்குத் தனிக் கீயே கிடையாது, பள்ளிக் கணக்கில் உள்நுழைந்தால் போதும். 2021-க்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர் அனைவருக்கும் வந்துசேர்ந்த தனிநபர் கற்றல் சாதனம் நனைந்திருந்தால் நீங்களாக எதையும் திறக்காமல் பள்ளியிடம் சொல்லுங்கள். அதில் பள்ளியின் நிர்வாக மென்பொருள் இருக்கிறது. வேலையிடத்து லேப்டாப் என்றாலும் அதேதான், அந்த லைசென்ஸ் உங்களுடையதே அல்ல.

நான்காம் படி: கணக்கைத் திறங்கள்

ஆஃபிஸ் 2013 முதல் மைக்ரோசாஃப்ட் முறையை மாற்றிவிட்டது. பெட்டியில் வந்த 25 எழுத்துக் கீயை ஒருமுறை இணையத்தில் பதிந்ததும் அந்த உரிமம் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு சேர்ந்துவிடுகிறது. அதன்பின் கீ தேவையில்லை. வேறு கம்ப்யூட்டரில் அதே கணக்கில் உள்நுழைந்து, சேவைகளும் சந்தாக்களும் இருக்கும் பக்கத்தில் நிறுவிக்கொள்ளலாம். அடோபியில் பழைய நிரந்தர உரிமங்களை அப்போதே பதிவுசெய்திருந்தால் 24 இலக்க சீரியல் எண் கணக்குப் பக்கத்தில் தெரியும். மேக் ஆப் ஸ்டோரில் வாங்கியவை ஆப்பிள் கணக்கில் இருக்கும்.

சிக்கல், அந்தக் கணக்கு யாருடையது என்பதில்தான். பத்து வருடம் முன் மூத்த பிள்ளையின் மின்னஞ்சலில் பதிந்திருப்பார்கள். பிள்ளை இப்போது தனிக்குடித்தனம் போயிருக்கும். அல்லது ப்ராட்பேண்ட் நிறுவனம் கொடுத்த முகவரியில் பதிந்திருப்பார்கள். சந்தாவை நிறுத்தியதோடு முகவரியும் போயிருக்கும். கூகல் இரண்டு ஆண்டு திறக்காத கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கிவிட்டது. மைக்ரோசாஃப்ட்டும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது உள்நுழையச் சொல்கிறது. அதனால் பழைய முகவரிகளில் எது உயிரோடு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். உள்ளே போக முடிந்ததும் மீட்பு முகவரியையும் கைப்பேசி எண்ணையும் இன்றைய எண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.

மின்னஞ்சலில் தேடும்போது ஆங்கிலத்தில் "சீரியல்", "ஆக்டிவேஷன்", "ஆர்டர்", "இன்வாய்ஸ்" ஆகிய சொற்களைத் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். குப்பை மின்னஞ்சல் பகுதியையும் விடாதீர்கள். அப்புறம் கைப்பேசிப் படங்கள். கூகல் ஃபோட்டோஸும் ஐஃபோனும் படத்துக்குள் இருக்கும் எழுத்தையும் தேடித் தரும். பெட்டியின் படத்தை என்றோ யாருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அகப்பட்டுவிடும். "மச்சான் கீய அனுப்பு" என்று கேட்ட உறவினரின் உரையாடலைப் போய்ப் பாருங்கள், நான் சொல்வது விளையாட்டுக்கு அல்ல.

ஐந்தாம் படி: விண்டோஸ் கீ எங்கே ஒளிந்திருக்கிறது?

2012-ல் விண்டோஸ் 8 வந்தது முதல், விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்புகளில் அடியில் கீ அச்சிட்ட ஸ்டிக்கர் இருப்பதில்லை. தயாரிப்பாளர் அதை மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே (போர்டுக்குள் நிரந்தரமாக இருக்கும் மென்பொருள்) எழுதிவிடுகிறார். இதனால் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. போர்டு பிழைத்தால் டிஸ்க் முழுவதும் போனாலும் கவலையில்லை. புது எஸ்எஸ்டி போட்டு அதே பதிப்பு விண்டோஸை நிறுவினால் அதுவே கீயை எடுத்துக்கொள்ளும். போர்டு செத்தால் அந்த உரிமமும் அதோடு சரி. அது அந்த இயந்திரத்துக்கென்று கொடுத்தது, வேறொன்றுக்கு மாற்ற முடியாது. தயாரிப்பாளரின் சேவை மையமே போர்டை மாற்றினால் மட்டும் அவர்கள் உரிமத்தைப் புதிய போர்டில் ஏற்றித் தருவார்கள்.

தனியாகக் கடையில் வாங்கிய விண்டோஸ் என்றால் அதை இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகலாம். விண்டோஸ் 10-லும் 11-லும் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தில், டிஜிட்டல் உரிமம் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்திருக்கிறதா என்று காட்டும். இணைந்திருந்தால், புது வன்பொருளில் விண்டோஸை நிறுவி உள்நுழைந்து, ஆக்டிவேஷன் கோளாறு நீக்கியில் அண்மையில் வன்பொருளை மாற்றியதாகத் தெரிவு செய்து பழைய கம்ப்யூட்டரின் பெயரைக் காட்டினால் உரிமம் மாறிவிடும்.

விண்டோஸ் 7 ஸ்டிக்கரைக் காப்பாற்ற இப்போது மெனக்கெட வேண்டாம். அந்தக் கீயைக் கொண்டு விண்டோஸ் 10, 11-ஐ உயிர்ப்பிக்கும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அடைத்துவிட்டது.

ஆறாம் படி: டிஸ்கிலிருந்து படிப்பது

ஆஃபிஸ் 2010-ம் அதற்கு முந்தையவையும் தங்கள் முழுக் கீயையும் விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் உருமாற்றி வைத்திருக்கும். அதை வாசித்துத் தரச் சிறு கருவிகள் உண்டு. நிர்சாஃப்ட்டின் புரொடியூகீ என்ற இலவசக் கருவி நான் பயன்படுத்துவது. செத்துப்போன கம்ப்யூட்டரின் டிஸ்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, அந்த டிஸ்கில் இருக்கும் விண்டோஸ் ஃபோல்டரைக் காட்டினால் அதிலிருந்தும் படித்துவிடும். ஆன்டிவைரஸ் இதைப் பார்த்ததும் கத்தும், கீகளை எடுக்கும் கருவி என்பதால். நிர்சாஃப்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அதே பெயரில் வேறு தளங்களில் கிடைப்பவற்றை நம்பாதீர்கள்.

டிஸ்கைச் செருகுவதற்கு, காய்ந்த எஸ்எஸ்டியின் முனைகளை 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடைத்து, முழுக்க உலர விடுங்கள். சூயிங்கம் பட்டைபோல் மெலிதாக இருப்பது எம்.2 ரகம். அதிலேயே என்விஎம்இ, சாட்டா என இரண்டு உண்டு. மேலே ஒட்டிய லேபிளில் எழுதியிருக்கும். அதற்கேற்ற யூஎஸ்பி உறையை சிம் லிம் ஸ்குவேரில் வாங்கிக்கொள்ளலாம். தயக்கமாக இருந்தால் எஸ்எஸ்டியையே கொண்டுபோய்க் காட்டிப் பொருத்தமானதைக் கேளுங்கள்.

செருகியதும் ஒரு பெட்டி தோன்றிக் குறியீடு கேட்டால் அது பிட்லாக்கர், டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. அண்மைக்கால லேப்டாப்புகளில் பலருக்கும் தெரியாமலேயே அது இயங்கிக்கொண்டிருக்கும். டிஸ்கைத் திறக்கும் ரகசியம் பழைய போர்டில் இருக்கும் சில்லில் இருப்பதால், வேறு கம்ப்யூட்டரில் செருகியதும் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கிறது. பதற வேண்டாம். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த லேப்டாப் என்றால் அந்தக் குறியீடு கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணக்கில் சாதனங்களின் பட்டியலுக்குப் போய் மீட்புக் குறியீட்டைப் பாருங்கள். பல சாதனங்கள் இருந்தால் பெட்டியில் காட்டும் அடையாள எண்ணின் முதல் எட்டு எழுத்தோடு ஒப்பிட்டு எடுங்கள்.

கருவி காட்டும் எல்லாவற்றையும் கீ என்று நம்பி எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். டிஜிட்டல் உரிமத்தில் ஓடும் விண்டோஸ் 10 அல்லது 11 புரோவில் பெரும்பாலும் 3V66T என்று முடியும் கீ தெரியும். உலகத்தில் கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களில் அதே கீதான் இருக்கிறது, வெறும் இடநிரப்பி. ஆஃபிஸ் 2013-க்குப் பிந்தையவற்றுக்கோ கடைசி ஐந்து எழுத்துதான் கம்ப்யூட்டரில் இருக்கும், முழுக் கீ எந்தக் கருவிக்கும் கிடைக்காது. அந்த ஐந்து எழுத்தும் வீண் அல்ல. மூன்று பழைய அட்டைகள் கையில் இருந்து எது எந்தக் கம்ப்யூட்டருடையது என்று குழம்பினால் அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

வீட்டில் இன்னொரு பழைய கம்ப்யூட்டர் இருந்தால் அதிலும் கருவியை ஓட்டுங்கள். ஆஃபிஸ் 2010-ன் ஹோம் அண்ட் ஸ்டூடண்ட் பதிப்பை மூன்று கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ள உரிமம் இருந்தது. அதே கீ அங்கேயும் உட்கார்ந்திருக்கலாம்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் படி முழுவதும் பொருந்தாது. அண்மைய மேக்புக்குகளில் சேமிப்பகம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு, அதன் சில்லோடு சேர்த்துக் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. கழற்றிப் படிக்க வழியில்லை. டைம் மெஷின் (மேக்கின் காப்பு நகல் வசதி) காப்பு இருந்தால் உண்டு, இல்லையேல் நான்காம் படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: கலங்கிய ஸ்டிக்கரை வாசிப்பது

எனக்கு இதில் ஒரு தனி ஆர்வம் உண்டு. உட்லண்ட்ஸில் லாரி வைத்துத் தொழில் செய்யும் ஓர் அண்ணன், லாரிகளின் பழுது விவரத்தையெல்லாம் ஆஃபிஸ் 2010-ன் தரவுத்தள மென்பொருளான ஆக்சஸில் வருடக்கணக்காகப் பதிந்து வைத்திருந்தார். ஏர்கான் தண்ணீரில் கம்ப்யூட்டர், டிவிடி பெட்டி இரண்டும் நனைந்து, டிஸ்க்கும் போய்விட்டது. ஆக்சஸ் கோப்பின் நகல் மட்டும் யூஎஸ்பியில் இருந்தது. பெட்டிக்குள் ஒட்டிய கீ ஸ்டிக்கரைக் காட்டி, "தம்பி, பாதி எழுத்து கரைஞ்சு போச்சு, தூக்கிப் போட்டுடவா?" என்றார்.

தூக்கிப் போட வேண்டியதில்லை, காரணம் இது. மைக்ரோசாஃப்ட்டின் அந்தக் காலத்துக் கீகளில் எல்லா எழுத்தும் வராது. குழப்பம் வரக்கூடாது என்று 24 குறிகளை மட்டும் வைத்திருக்கிறார்கள். ஆங்கில உயிரெழுத்து ஐந்தும் இல்லை. எல், என், எஸ், இசட் இல்லை. 0, 1, 5 இல்லை. விண்டோஸ் 8-க்குப் பிந்தைய கீகளில் மட்டும் என் வரும். ஆகவே ஸ்டிக்கரில் வட்டமாக ஒன்று தெரிந்தால் அது பூஜ்யமோ ஓவோ இல்லை. வால் அழிந்த கியூ, அல்லது டி (D), அல்லது ஒரு பக்கம் மை பரவிய சி. ஐந்துபோலத் தெரிந்தால் அது எஸ்ஸும் இல்லை, ஐந்தும் இல்லை; ஆறாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒற்றைக் கோடாகத் தெரிந்தால் ஒன்றோ ஐயோ இல்லை. தலை போன 7 அல்லது T-யைத்தான் பார்க்கிறீர்கள். உண்மையில் தலைவலி தருவது 8-ம் B-யும்தான், இரண்டுமே பட்டியலில் இருப்பதால்.

முதலில் ஸ்டிக்கரை உரிக்காமல் நிழலில் உலர விடுங்கள். தேய்க்காதீர்கள். இருட்டறையில் கைப்பேசி டார்ச்சை ஸ்டிக்கரின் பக்கவாட்டில், கிட்டத்தட்டத் தாளோடு படுக்கவைத்துப் பிடியுங்கள். இன்னொரு கைப்பேசியில் நேர் மேலிருந்து படம் எடுங்கள். டார்ச்சை நான்கு பக்கமும் மாற்றி எடுத்த படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்டை ஏற்றிப் பாருங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் எழும்பும். பிறகு தாளில் ஐந்து ஐந்தாகக் கட்டம் போட்டு, உறுதியான எழுத்தை நிரப்பி, சந்தேகமான கட்டத்தில் இருக்கக்கூடிய எழுத்துகளை எல்லாம் சிறிதாக எழுதுங்கள். அண்ணனின் ஸ்டிக்கரில் கடைசியில் குழப்பமாக நின்றவை இரண்டு கட்டங்கள். தவறான கீயை நிறுவும் மென்பொருளே அந்த இடத்தில் நிராகரித்துவிடும், இணையம் வரை போகாது. அதனால் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. ஐந்தாகத் தெரிந்தது ஆறு, ஓவாகத் தெரிந்தது கியூ என்று வைத்ததும் ஏற்றுக்கொண்டது.

ஆஃபிஸ் 2010-க்கு 2020 அக்டோபர் 13-ஓடு பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிட்டது. அதை இணையத்தோடு இணைக்காத கம்ப்யூட்டரில் வைத்து, பதிவுகளைப் புதிய கோப்புக்கு மாற்றும் வரை மட்டும் ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.

எட்டாம் படி: டாங்கிள், டேலி, தமிழ் மென்பொருள்

சில வடிவமைப்பு, தையல் பூவேலை மென்பொருள்கள் யூஎஸ்பி டாங்கிளோடு (கம்ப்யூட்டரில் செருகும் சிறு துண்டு) வரும். அந்தத் துண்டே உரிமம். நனைந்தால் செருகாமல், ஆல்கஹாலால் துடைத்து நன்றாக உலர்த்திய பின்தான் சோதிக்க வேண்டும். வேலை செய்யாவிட்டாலும் எறியாதீர்கள். பழுதான டாங்கிளைத் திருப்பிக் கொடுத்தால் சிறு கட்டணத்துக்கு மாற்றித் தருபவர்கள் உண்டு. தொலைந்துவிட்டது என்றால் முழு விலை கேட்பார்கள்.

கணக்கு மென்பொருளான டேலியில் கீயைவிட முக்கியம், சீரியல் எண்ணும் அது பதிவான நிர்வாகி மின்னஞ்சலும். திறப்புக் குறியீடு அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். கணக்கெழுதிக் கொடுப்பவரின் முகவரியில் பதிந்திருந்தால் அவரைப் பிடியுங்கள்.

தொழிலுக்கு வாங்கிய மென்பொருள் என்றால் ரசீதின் நகல் வேறு இடத்திலும் இருக்கும். உள்நாட்டு வருவாய் ஆணையம் வர்த்தக ஆவணங்களை 5 ஆண்டு வைத்திருக்கச் சொல்வதால் உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள். உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியத்தில் வாங்கியிருந்தால் இன்னும் சுலபம்: பணத்தைத் திரும்பப் பெற நீங்களே வர்த்தக மானிய இணையவாசலில் ஏற்றிய இன்வாய்ஸ் அங்கே இருக்கும்.

தமிழ்த் தட்டச்சு மென்பொருளுக்கு வருவோம். பழைய முரசு அஞ்சல் சிடியை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் ஆசிரியர்கள், சங்கச் செயலாளர்கள் இங்கே பலர். தட்டச்சு மட்டும் தேவையென்றால் அந்தக் கீயைத் தேடி நேரம் போக்க வேண்டாம். மேக்கில் அஞ்சல் விசைப்பலகையும் விண்டோஸில் தமிழ்99-ம் உள்ளேயே இருக்கின்றன. ஆனால் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த ஆண்டுமலர்களும் கூட்ட அறிக்கைகளும் இருந்தால் அந்த எழுத்துருக் கோப்புகளை டிஸ்கிலிருந்து கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். அவை இல்லாவிட்டால் கோப்பு திறக்கும், படிக்கத்தான் முடியாது.

ஒன்பதாம் படி: விற்றவரிடம் கேட்பது

இதற்குமேல் கிடைக்காதவற்றுக்கு நிறுவனத்துக்கே எழுத வேண்டும். மைக்ரோசாஃப்ட் தன் சொந்த இணையக் கடையில் விற்ற கீகளுக்கு மட்டும்தான் பதிவு வைத்திருக்கிறது. வெளிக்கடையில் வாங்கிய பெட்டியின் கீயை அவர்களிடம் கேட்டால் கிடைக்காது. சிறு நிறுவனங்கள் அப்படியல்ல. வாங்கிய தேதி, பதிந்த பெயர், மின்னஞ்சல், ரசீதின் படம், நனைந்த பெட்டியின் படம் இவற்றோடு நான்கு வரி எழுதினால் பலர் மறுநாளே அனுப்பிவிடுகிறார்கள். ரசீது இல்லையென்றால் கிரெடிட் கார்டு மின் அறிக்கையில் அந்த வரியைத் தேடி எடுத்து அனுப்புங்கள். மற்ற வரிகளை மறைத்துவிட்டு.

அவசரத்தில் இணையச் சந்தைகளில் பத்து வெள்ளிக்கு விற்கும் ஆஃபிஸ் கீயை வாங்காதீர்கள். பெரும்பாலும் அது ஏதோ ஒரு நிறுவனத்தின் மொத்த உரிமத்திலிருந்து கசிந்த கீ. இன்று வேலை செய்யும், பின்னர் ஒரு நாள் முடக்கப்படும். "மைக்ரோசாஃப்ட்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் லைசென்ஸ் முடிந்துவிட்டது" என்று தொலைபேசி வந்தால் வைத்துவிடுங்கள். கீ தேடி நாலு தளத்தில் எண்ணைக் கொடுத்திருக்கும் நேரத்தில் அப்படி ஓர் அழைப்பு வந்தால் உண்மைபோலவே தோன்றும். சந்தேகம் இருந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799-ஐ அழைத்துக் கேட்கலாம்.

பத்தாம் படி: காப்புறுதியும் பழைய இயந்திரமும்

வீவக தீக் காப்புறுதி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அது வீட்டின் கட்டமைப்புக்கு. உள்ளே இருக்கும் பொருள்களுக்கு அல்ல. வீட்டுப் பொருள்களுக்குத் தனிக் காப்புறுதி எடுத்திருந்தால் குழாய் வெடித்த சேதம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கோரிக்கையில் கம்ப்யூட்டரோடு, மீட்க முடியாமல் போன மென்பொருளையும் தனி வரியாக எழுதி, நிறுவனம் தர மறுத்த மின்னஞ்சலை இணையுங்கள். முடிவு வரும்வரை நனைந்த எதையும் வெளியே போடாதீர்கள்.

காராங்கூனிக்காரரிடம் கொடுக்கும் அவசரமும் வேண்டாம். டிஸ்கைக் கழற்றாமல் ஒன்றும் வாசலைத் தாண்டக் கூடாது. 2021 ஜூலை முதல் மின்கழிவுக்கென்று தனிச் சேகரிப்பு முறை நடப்பில் இருப்பதால் கடைத்தொகுதிகளில் அதற்கான தொட்டிகள் இருக்கின்றன. மிச்சத்தை அங்கே போடலாம்.

புதுக் கம்ப்யூட்டரில் எல்லாம் ஓடத் தொடங்கிய பின், கணக்குகளில் பழைய சாதனத்தை நீக்கிவிடுங்கள். சாதன எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கும் மென்பொருள்களில் செத்துப்போன கம்ப்யூட்டரும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் மட்டும் கடைசியாகச் செய்யுங்கள். சாதனத்தை நீக்கும்போது அதன் பிட்லாக்கர் மீட்புக் குறியீடும் சேர்ந்து போய்விடக்கூடும். டிஸ்கிலிருந்து எடுக்க வேண்டியது ஏதாவது மீதம் இருந்தால், அந்த 48 இலக்கத்தையும் முதலில் தனியாக எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் நீக்குங்கள்.